வேலம்மாவும் வலையில் முளைத்த வளையமும்

வேலம்மா எனக்கு என்ன முறை என்று கேட்டால் விரல் மடக்கித்தான் சொல்ல வேண்டும். என்னைப் பெற்றவள் முனியம்மாள். அவளைப் பெற்றவள் ராஜம்மா. ராஜம்மாவைப் பெற்றவள் நாகம்மாள். இப்படிப் பெண்கள் வழியாகவே ஏறிக்கொண்டு போனால் எட்டாவது படியில் நிற்கிறவள் வேலம்மா. நடுவில் உள்ள பேர்களையும் என்னால் சொல்ல முடியும். ஆனால் கதை நகராது.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கொடி பறந்த காலம். வருசம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் வருசம் வைத்துப் பேசுகிற பழக்கம் கிடையாது. ‘பெரிய கப்பல் முகத்துவாரத்து மணலில் தட்டி நின்ற மழைக்கு அடுத்த மழை’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். அது போதும்.

எங்கள் ஆட்கள் வலை போடுகிறவர்கள் இல்லை. ஏரிச் சேற்றில் மண்டி போட்டு நகர்ந்து, கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொள்வார்கள். மழைக்காலத்தில் ஏரி ஏறிவிடும். கைக்குத் தரை எட்டாது. அப்போது திருப்பாலைவனம் பக்கத்துப் புதர்க்காடுதான் சோறு போடும். கிழங்கு, தேன், ஈசல், காளான். வலைக்காரர்களுக்கு வேலம்பட்டை உரித்துக் கொடுப்பதும் அந்தக் காட்டிலிருந்துதான்.

காளான் என்றால் வேலம்மா. மழை விட்ட மறுநாள் காட்டில் நூறு தினுசு கிளம்பும். குடை விரித்து நிற்பது ஒன்று. பட்ட மரத்தில் காது மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது ஒன்று. தரையில் முட்டை மாதிரி உருண்டு கிடந்து, மிதித்தால் புகை கக்குவது ஒன்று. பிணவாடை அடித்து ஈயைக் கூப்பிடுவது ஒன்று. மற்றவர்கள் ‘திங்கலாமா, திங்கக்கூடாதா’ என்று மட்டும் பார்ப்பார்கள். வேலம்மா, ‘இது எப்படிப் பிள்ளை பெறுது?’ என்று பார்ப்பாளாம். அவள் புத்தி அப்படி.

உருண்டைக் காளான் தூளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும்; ஆடு மிதித்தாலோ மழைத்துளி அடித்தாலோதான் பிரசவம். நாற்றக் காளான் தலையில் கொழகொழவென்று பூசிக்கொண்டு நிற்கும். ஈ வந்து உட்கார்ந்து காலில் அப்பிக்கொண்டு போய் வேறு இடத்தில் இறக்கும். குடைக் காளானுக்கு அடியில் மீன் செவுள் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அதிலிருந்து தூள் கொட்டும், காற்று கொண்டுபோகும். கண்ணுக்கு ஒரு மணி தனியாகத் தெரியாது, அத்தனை பொடி. அந்தத் தூள்தான் விதை மாதிரி. விழுந்த இடத்தில் ஈரமும் மக்கினதும் இருந்தால் வெள்ளை நூலாக மண்ணுக்குள் ஓடும்.

“நீ புடுங்கறது காய் மட்டுந்தான். மரம் மண்ணுக்குள்ள படுத்துக்கினு கீது” என்பாள். புற்றுக் காளானைப் பற்றிக் கேட்டால், “அதுக்குக் கறையான்தான் தோட்டக்காரன்” என்று சிரிப்பாள். புற்றைத் தோண்டியபோது உள்ளே பஞ்சு மாதிரி ஒன்றைக் கறையான் வளர்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

பழவேற்காட்டில் அப்போது துணிக்குச் சித்திரம் எழுதுகிறவர்கள் தெருத் தெருவாக இருந்தார்கள். எல்லாம் கப்பலில் போகிற துணி. அவர்கள் வீசின கந்தலில் வெள்ளைத் துண்டு ஒன்றும் அவுரி நீலத் துண்டு ஒன்றும் பொறுக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். காலையில் பறித்த காளானைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளையிலும் பாதி நீலத்திலும் படும்படி கவிழ்த்துச் சட்டியால் மூடிவிடுவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எடுத்தால் செவுளின் கோடெல்லாம் அச்சாக விழுந்திருக்கும். வெள்ளைத் தூள் நீலத்தில் தெரியும், கறுப்புத் தூள் வெள்ளையில் தெரியும். புற்றில் முளைக்கிற நல்ல காளானுக்கு வெந்த இறால் தோல் மாதிரி இளஞ்சிவப்பு. மேய்ச்சல் தரையில் அதே மாதிரி வெள்ளைக் குடை விரித்து நிற்கிற வேறொன்றுக்குப் பாசிப் பச்சை. அந்தப் பச்சையைத் தின்றவன் மூன்று நாள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான், சிலர் பிழைப்பதும் இல்லை. தூளை மட்டும் நம்பியும் வாயில் போடமாட்டாள். காம்பின் வால் புற்றுக்குள் நீளமாக இறங்குகிறதா, வாசனை சரியா, எல்லாம் சேர்ந்து வந்தால்தான் சட்டியில் ஏறும்.

அவள் புருசன் கருப்பனுக்குப் பசி தாங்காது.

“கொழம்புல வெள்ளி மோதிரத்தைப் போட்டு, கறுக்கலன்னா துன்னலாம்னு ஊரே சொல்லுது. நீ இன்னாத்துக்குப் பொழுது சாயறவரைக்கும் குந்திக்கினு கீறே?”

“உங்கிட்ட வெள்ளி மோதிரம் கீதா?”

“இல்ல.”

“அப்ப குந்து.”

அந்த மோதிரப் பேச்சையும் அவள் சும்மா விடவில்லை. கோட்டைப் பக்கம் மார்கரெட் என்று ஒருத்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பன் கோட்டைச் சிப்பாய், அம்மா நம் ஊர்க்காரி. அவள் விரலில் வெள்ளி மோதிரம் உண்டு. அதைக் கழற்றிப் பச்சைத் தூள் காளான் கொதிக்கிற சட்டியில் போட்டுப் பார்த்தாள் வேலம்மா. மோதிரம் பளபளவென்றே வெளியே வந்தது. “உன் மோதிரத்தை நம்பியிருந்தா இன்னிக்கு நாலு பேருக்குக் குழி தோண்டியிருக்கணும்” என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

மார்கரெட் ரொட்டி மாவில் கள் ஊற்றிப் பிசைவாள். கள் வைக்கிற பானையை மட்டும் கழுவவே மாட்டாள். “கழுவினா மாவு எழும்பாதுடி. அடியில ஒட்டிக்கினு கீறதுதான் புதுசை எழுப்பிவுடும்” என்பாள். மிஞ்சின ரொட்டியில் இரண்டு நாளில் பூஞ்சைக்காளான் பிடிக்கும். வெள்ளை மயிர் முளைத்து, நுனியில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளி வைக்கும். வேலம்மா அதை விரலால் தொட்டு, வேறு ரொட்டித் துண்டில் தடவி வைத்தாள். தடவின இடத்தில்தான் முதலில் மயிர் வந்தது. குடை இல்லை, காம்பு இல்லை. ஆனாலும் தூள்தான், நூல்தான். “இதுவும் அந்தக் காளான் குடும்பந்தான், ஏழைச் சொந்தம்” என்றாள்.

இவ்வளவும் சொன்னது பசியாவரத்தில் நடந்ததைச் சொல்லத்தான்.

பசியாவரம் ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு ஊர். முழுக்க வலைக்காரர்கள். அங்கே செல்வம்மாள் என்று ஒருத்தி, புருசனைக் கடலில் விட்டவள். ஆறு வருசத்துக்கு முன்னால் போனவர் வரவில்லை. அவர் வலை மட்டும் கரை ஒதுங்கியது. ஒரே பிள்ளை கங்காதரன். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புது வலை பின்னினால், அப்பன் வலையிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு அறுத்து நடுவில் கோத்துத் தைப்பார்கள். ராசித்துண்டு என்று அதற்குப் பேர். வலை நைந்து போனாலும் துண்டைப் பிரித்து அடுத்த வலைக்கு மாற்றுவார்கள். அப்புறம் துண்டோடு சேர்த்து வலையை வேலம்பட்டைத் தண்ணீரில் வேகவைத்து உலர்த்துவார்கள். பட்டையின் துவர் ஏறின நூல் சீக்கிரம் மக்காது.

கங்காதரனுக்கு வைகாசியில் கல்யாணம். பெண் தேவகி, ஆரம்பாக்கத்துக்காரி, பதினேழு வயசு. அவள் வந்த பிறகு கங்காதரன் கட்டின முதல் வலை ஆடியில் மக்கிப் போனது. இரண்டாவது புரட்டாசியில். ஐப்பசி மழைக்கு ஏரியில் இறால் ஓடுகிற நேரத்தில் மூன்றாவதும் கையோடு பிய்ந்து வந்தது.

முதலில் வேலம்மாவின் பட்டைமேல்தான் பழி விழுந்தது. ஆனால் அதே பட்டையில் வெந்த மற்ற வீட்டு வலைகள் திண்ணென்று இருந்தன. அதனால் பழி நகர்ந்து தேவகிமேல் உட்கார்ந்தது. அவள் கால் வைத்த நேரம் என்றார்கள். வலையை அவள் தொடக்கூடாது, தாண்டக்கூடாது, நிழல்கூடப் படக்கூடாது. அப்படியும் மூன்றாவது போனதும், ஊர்ப் பெரியதனக்காரர் ஆதிநாராயணன் கூட்டம் போட்டு, பௌர்ணமிக்குள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது என்று சொல்லிவிட்டார். படகோடு வரச்சொல்லி ஆரம்பாக்கத்தில் அவள் அப்பனுக்கு ஆள் போயிற்று. அந்தக் காலத்தில் ‘ராசியில்லாதவள்’ என்று திரும்பிப் போன பெண்ணுக்கு, அப்பன் வீட்டிலும் மூலைதான்.

வேலம்மா பட்டைக் கட்டோடு பசியாவரம் போன அன்றைக்கு, தேவகி படகுத்துறை ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“தள்ளிப் போ அக்கா. நான் பார்த்தா உன் பட்டைகூட மக்கிடும்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

வேலம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. நேராகச் செல்வம்மாள் வீட்டு வாசலுக்குப் போய், “அம்மா, அந்த மக்கின வலையை ஒருதரம் விரிச்சுக் காட்டு” என்றாள்.

“அதுல இன்னாடி பார்க்கப்போறே? பொணத்தை விரிச்சுக் காட்டுன்ற மாதிரி கேக்கறே.”

“பொணம்னா எதனால செத்துதுன்னு பார்க்கணுமில்ல?”

கங்காதரன்தான் கொண்டுவந்து விரித்தான். வேலம்மா மணலில் மண்டி போட்டு, சேற்றில் நண்டு தேடுகிற மாதிரி வலை முழுக்கக் கையோட்டிப் பார்த்தாள். மக்கல் கண்டபடி இல்லை. வட்டமாக இருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிப் பச்சை, அதற்கு வெளியே வெள்ளை விளிம்பு. விளிம்புக்கு அப்பால் நூல் நன்றாக இருந்தது.

மேய்ச்சல் தரையில் காளான் சில நேரம் வளையமாக முளைக்கும். பேய் ஆடின இடம் என்று ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். வேலம்மா அந்த வளையத்துக்கு வருசா வருசம் குச்சி நட்டுப் பார்த்தவள். வளையம் நடுவிலிருந்து வெளியே நடக்கும். தூள் முதலில் விழுந்த இடம் நடு. நூல் அங்கிருந்துதான் எல்லாப் பக்கமும் ஓடுகிறது.

இந்த வலையில் வளையத்துக்கு நடுவில் இருந்தது ராசித்துண்டு.

“அம்மா, இந்தத் துண்டைப் பட்டைத் தண்ணியில போடறதில்லையா?”

செல்வம்மாள் முகம் மாறியது. “எல்லாரும் போடுவாங்க. நான் போடமாட்டேன். வலை வெந்து காஞ்சப்புறம்தான் தைப்பேன். அதுல அவரு கை வாசனை கீது.”

“இத்தினி வருசமும் அப்படித்தானா?”

“அப்படித்தான். அப்பல்லாம் மக்கலியே! இவ வந்தப்புறந்தானே?”

வேலம்மா துண்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “வலையில இல்லாதப்போ துண்டை எங்க வெப்பே?” என்று கேட்டாள்.

“அடுப்புக்கு மேல உறியில. புகையில கிடக்கும்.”

“இப்பவும் அங்கதானா?”

செல்வம்மாள் மகனைப் பார்த்தாள். கங்காதரன் சொன்னான். “இல்ல. கல்யாணத்தன்னிக்கே எடுத்துட்டாங்க. புதுப் பொண்ணு கண்ணு படக்கூடாதுன்னு, மண்பானையில போட்டு, வாயைத் துணியால கட்டி, பின்சுவத்து ஓரம் வெச்சாங்க.”

பின்சுவர் மழையில் ஊறுகிற சுவர். வேலம்மாவுக்கு மார்கரெட்டின் கழுவாத பானை ஞாபகம் வந்தது. ஆறு வருசம் புகை காத்து வந்த துண்டு, மருமகள் கண்ணுக்குப் பயந்து ஈரப் பானைக்குள் போனது. அங்கே பூத்தது. பூத்ததை எடுத்து ஒவ்வொரு புது வலைக்கும் நட்ட நடுவில் செல்வம்மாளே தைத்திருக்கிறாள்.

இதை வேலம்மா சொன்னதும் செல்வம்மாள் எழுந்து நின்றாள்.

“எங்க வீட்டுக்காரர் கைப்பட்ட துண்டு அழுக்கா? சேத்துல கை வுட்டு நண்டு புடிக்கிறவ வந்து எனக்குச் சொல்றியா?”

சத்தம் கேட்டு ஊர் கூடியது. ஆதிநாராயணனும் வந்தார். வேலம்மா அவரிடம் கும்பிட்டுக் கேட்டாள். “ஐயா, பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் கீது. எனக்கு எட்டு நாள் குடுங்க. நான் சொன்னது பொய்யானா இனிமே இந்தக் கரையில பட்டையோட ஏறமாட்டேன்.”

பெரியதனக்காரர் வேடிக்கைப் பிரியர். “எட்டு நாள்ல இன்னா செய்வே, மந்திரமா?”

“ரெண்டு பானை வெப்பேன்.”

ஒரே நூலில் கை அகலத்துக்கு இரண்டு வலைத் துண்டு பின்னினார்கள். ஒன்றைத் தேவகி பின்னினாள், ஒன்றைச் செல்வம்மாள். இரண்டும் ஒரே பட்டைத் தண்ணீரில் வெந்தன. இரண்டையும் ஈரத்தோடு இரண்டு புதுப் பானையில் போட்டு, வாய் கட்டி, பெரியதனக்காரர் வீட்டிலேயே வைத்தார்கள். செல்வம்மாள் துண்டின்மேல் ராசித்துண்டை வைத்தார்கள்; அந்தப் பக்கம் தேவகி எட்டிப் பார்க்கவும் கூடாது. தேவகி துண்டில் ராசித்துண்டு கிடையாது. ஆனால் அவள் தினமும் கை கழுவிவிட்டு வந்து பானையைத் திறந்து, துண்டை எடுத்துத் தடவி, ஆசை தீரப் பார்த்துவிட்டு மூட வேண்டும். “உன் கண்ணுல எத்தினி விஷம் கீதோ எல்லாத்தையும் கொட்டுடி” என்றாள் வேலம்மா. அந்த எட்டு நாளும் மழை விடவில்லை.

ஒன்பதாம் நாள் ஊரே வந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து தேவகியின் அப்பனும் படகோடு வந்துவிட்டார். தேவகியின் துணிமூட்டை அதற்குள் படகில் ஏறிவிட்டது.

செல்வம்மாள் பானையை முதலில் அவிழ்த்தார்கள். மக்கின வாடை குப்பென்று அடித்தது. ராசித்துண்டு பச்சைப் பூ பூத்திருந்தது. அடியில் இருந்த புது வலையில் அதே வட்டம், அதே வெள்ளை விளிம்பு.

தேவகி பானையை அவிழ்த்தார்கள். துண்டு சிவப்பாக, வெந்து எடுத்த மாதிரியே இருந்தது. ஒருவர் கைதட்டப் போனார். அதற்குள் ஆதிநாராயணன், “நில்லு நில்லு” என்று துண்டைத் திருப்பினார். பின்பக்கம் ஓர் ஓரத்தில் வரிசையாக நாலு பச்சைப் புள்ளி.

கூட்டம் கசகசத்தது. “பார்த்தியா, கொஞ்சமானாலும் வந்துடுச்சு பாரு!” என்று ஒரு கிழவர் கத்தினார். தேவகி தலை குனிந்தாள். படகுப் பக்கம் திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டாள்.

“எங்க போறே? இங்க வந்து கையை வை” என்று வேலம்மா கூப்பிட்டாள்.

தேவகி நாலு விரலையும் புள்ளிமேல் வைத்தாள். அவள் விரல் சின்னது. இரண்டு புள்ளிதான் அடங்கியது. வேலம்மா அவள் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். நாலு விரலும் நாலு புள்ளிமேல் கச்சிதமாக உட்கார்ந்தன. துண்டைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் கட்டைவிரல் இடத்தில் ஐந்தாவது.

“என் கைதான் ஐயா. அன்னிக்கு ராசித்துண்டை எடுத்து அந்தப் பானையில வெச்சேன். கையைக் கழுவாம இந்தத் துண்டை எடுத்து இந்தப் பானையில போட்டுட்டேன். அவளைக் கை கழுவச் சொன்ன நான் கழுவல. தப்பு என்னுது. எட்டு நாளும் தொட்ட அவ கையில ஒண்ணும் வரல. ஒரே தரம் தொட்ட என் கையில வந்துடுச்சு, பாருங்க.”

ஆதிநாராயணன் மீசையைத் தடவினார். “அப்ப ஊரை வுட்டு அனுப்ப வேண்டியது உன்னையா?”

“நான் எப்ப ஐயா ஊருக்குள்ள இருந்தேன், அனுப்பறதுக்கு?”

கிழவர்கூடச் சிரித்துவிட்டார். அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கு எந்த ஊருக்குள்ளும் குடிசை கிடையாது. ஆனால் நான் அவளை நினைத்துப் பெருமைப்படுவது அந்தப் பேச்சுக்காக இல்லை. தன் பந்தயம் தோற்கிற மாதிரி இருந்த நேரத்தில், ஊர் முன்னால் தன் கையை நீட்டி இது என் தப்பு என்று சொன்னாளே, அதற்காக.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் செல்வம்மாளைப் பார்த்தார்கள். துண்டு அவளுடையது, மருமகளும் அவளுடையவள். பெரியதனக்காரரும் அவள் பக்கமே கையைக் காட்டினார்.

செல்வம்மாள் ராசித்துண்டை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். ஆறு வருசமாக அப்படி முகர்ந்து வந்தவள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வேக வெச்சா அவரு வாசனை போயிடுமாடி?”

வேறு யாராக இருந்தாலும் போகாது என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். வேலம்மா சொல்லவில்லை. “போயிடும்மா. பாதி இப்பவே போயிடுச்சு. நூல் நிக்கும். அவரு போட்ட முடிச்சு நிக்கும். இப்படியே வுட்டா அதுவும் நிக்காது.”

கொட்டகையில் பட்டைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கங்காதரனின் நாலாவது வலைக்காக வேலம்மா காலையிலேயே அடுப்பு மூட்டியிருந்தாள். செல்வம்மாள் துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், கொஞ்சம் நின்று, உள்ளே போட்டாள். சிவப்புத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டது.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

“ஏய் தேவகி! அங்க இன்னா வேடிக்கை? கொம்பை எடுத்துக் கிளறு. எனக்குப் புகை கண்ணெரியுது.”

தேவகி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “நான் தொடலாமா அத்தை?”

“ஊர்லயே சுத்தமான கை உன்னுதுதான்னு பானை வெச்சுச் சொல்லிட்டாளே இவ. கிளறுடி. நல்லா அமுக்கி வுடு, மேல மிதக்குது பாரு.”

தேவகி கொம்பைப் பிடித்து அமுக்கினாள். அவள் அப்பன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகிலிருந்த துணிமூட்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மழையோடு கரைக்கு வந்தார்.